அங்கன்வாடிக்குப் போன பிள்ளை பள்ளியில் நிற்குமா?

கேட்டிருப்பது இதுதான்: "எங்கள் ஊர் அங்கன்வாடியில் சோறு போட்டு, தூங்க வைத்து, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே போன பிள்ளைகளிலும் சிலர் ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிடுகிறார்கள். மூன்று வயதிலேயே தொடங்கும் கல்வி ஏழை வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் தங்க வைக்கும் என்பது உண்மையா, இல்லை மேடைப் பேச்சா?"

உண்மைதான். ஆனால் அது வேலை செய்கிற விதம் பலரும் நினைப்பது போல இல்லை. மூன்று வயதில் 'அ, ஆ' சொல்லத் தெரிந்த காரணத்தால் யாரும் பதினான்கு வயதில் படிப்பை விடாமல் இருந்துவிடுவதில்லை. நடுவில் வேறு சில காரியங்கள் நடக்க வேண்டும். வட மாவட்டங்களில் பால்வாடி டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையாகப் பல வருடம் சுற்றியிருக்கிறேன். அந்த நடுவில் நடப்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் 'அங்கன்வாடி' என்ற பெயரின் கதை. அதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. தாராபாய் மோடக் என்ற மராட்டியப் பெண்மணி, குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து மாண்டிசோரி வழியில் குழந்தைக் கல்வியை நடத்திப் பார்த்தவர். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் இது முடியுமா என்று பார்க்க, 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் உள்ள போர்டி என்ற ஊருக்குப் போனார். கூடவே ஆசிரியை அனுதாய் வாக். பள்ளி தயார், பொம்மைகள் தயார், பிள்ளைகள்தான் வரவில்லை. சேரியிலிருந்து கூட்டி வந்தாலும் மறுநாள் காணோம். சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று, பிள்ளைகள் விளையாடுகிற வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு போனார்கள். மராட்டியில் அங்கண் என்றால் முற்றம். அங்கன்வாடி பிறந்தது அப்படித்தான்.

1957-ல் இருவரும் பக்கத்திலிருந்த கோஸ்பாட் மலைப் பகுதிக்கு, வார்லி ஆதிவாசிகளிடம் போனார்கள். அங்கே இன்னொரு சிக்கல். பெரிய பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விட்டார்கள். அவர்களுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது. பெண் பிள்ளைகளோ இடுப்பில் தம்பியையோ தங்கையையோ சுமந்துகொண்டு நின்றார்கள். 'நீ படிக்க வா' என்று அவளைக் கூப்பிட்டால் இடுப்பில் இருக்கும் குழந்தையை எங்கே இறக்கி வைப்பாள்? அதனால் கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பால்வாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். விகாஸ்வாடி என்று அதற்குப் பெயர். சின்னது தொட்டிலில், நடுவிலது பால்வாடியில், அக்கா வகுப்பில்.

நம் ஊரில் இந்தப் பாடம் பாதிதான் உள்ளே இறங்கியது என்பது என் எண்ணம். முன்பருவக் கல்வியை, அதாவது பள்ளிக்கு முந்தைய கல்வியை, அந்த மூன்று வயதுப் பிள்ளையின் கணக்கில் மட்டுமே எழுதுகிறோம். உடனடி லாபம் அந்த வீட்டு அக்காவுக்கு. நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று அம்மா போகிற நாளில் பால்வாடி பூட்டியிருந்தால், நான்காவது படிக்கிற பெண் அன்றைக்குப் பள்ளிக்குப் போகமாட்டாள். ஒரு நாள் மூன்று நாளாகும். மூன்று நாள் ஒரு பருவமாகும். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இருக்கும் காரணம் 'உடல்நிலை'. எந்த ஊரில் பால்வாடி ஒழுங்காகத் திறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, தொடக்கப் பள்ளியில் பத்து வயதுப் பெண்களின் வருகையைப் பார்த்தாலே போதும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மொசாம்பிக் நாட்டின் காசா மாகாணத்தில், மிகவும் ஏழ்மையான கிராமங்களில் 2008 வாக்கில் சேவ் த சில்ட்ரன் அமைப்பு ஊர் மக்களைக் கொண்டே பால்வாடி போன்ற மையங்களை நடத்தியது. செலவு ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டரை டாலருக்குள். மையத்துக்குப் போன பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கும் வாய்ப்பு, போகாத பிள்ளைகளைவிட 24 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது என்று 2012-ல் வந்த உலக வங்கி ஆய்வு சொல்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த வரி: அந்த வீடுகளில் 10 முதல் 14 வயது வரை இருந்த அண்ணன், அக்காமார்களும் பள்ளிக்குப் போனது கூடியது. பெரியவர்கள் வேலைக்குப் போனதும் கூடியது. காசா மாகாணத்துக்கும் கோஸ்பாட்டுக்கும் நடுவில் ஒரு பெருங்கடல் இருக்கிறது. அக்காவின் இடுப்பில் இருந்தது அதே தம்பிதான்.

அடுத்து, அந்தச் சின்னப் பிள்ளைக்கே என்ன கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம். ஜூன் மாதம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஓரமாக ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று மூன்றுக்கும் ஒரே டீச்சர். வீட்டில் புத்தகம், பேப்பர், பென்சில் எதையும் பார்க்காத பிள்ளை, அம்மாவை விட்டு அரை நாள் கூட இருக்காத பிள்ளை, டீச்சர் 'வரிசையா உட்காருங்க' என்றால் அது தன்னையும் சேர்த்துத்தான் என்றே தெரியாத பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு வருடம் தனியார் நர்சரிக்குப் போய்விட்டு, ஃபீஸ் கட்ட முடியாமல் திரும்பி வந்த பிள்ளை. அது பலகையில் இருப்பதைப் பார்த்ததும் கத்திச் சொல்லும். டீச்சர் யாருடைய வேகத்தில் போவார்? பதில் சொல்கிற பிள்ளையின் வேகத்தில்தான். மற்றது முதல் மாதத்திலேயே 'நமக்கு இது வராது' என்று முடிவு செய்துவிடும். ஆறு வயதுக்கும் குறைவான பிள்ளை எடுக்கிற முடிவு இது. இதை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை.

அப்புறம் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி. அது நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஐந்தாவதில் பெயிலாக்கி மாடு மேய்க்க அனுப்பிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் பின்தங்கல் மறைந்தே நகர்கிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் ஆய்வின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, நாடு முழுவதும் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 20.5 சதவீதம். கொரோனாவுக்கு முன்பு, 2018-ல், 27.3 சதவீதம். அதாவது நல்ல காலத்திலேயே நான்கில் மூன்று பேருக்கு வாசிப்பு கைகூடவில்லை. தமிழ்நாடு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது இந்தக் கவலையில்தான். வாசிப்பு வராத பிள்ளை ஒன்பதாவதில் திடீரென்று ஐந்து தடித்த புத்தகங்களைப் பார்க்கும்போதுதான் நீங்கள் சொல்கிற 'விட்டுவிடுவது' நடக்கிறது. அரசுக் கோப்பில் அது இடைநிற்றல். அந்தப் பிள்ளை உண்மையில் ஒன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது, வெளியே தெரிய எட்டு வருடம் ஆனது.

அப்படியானால் மூன்று வயதிலேயே எழுதப் பழக்கிவிடலாமா என்று உடனே கேட்பார்கள். பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வியே 'டீச்சர் எழுதச் சொல்லித் தர்றாங்களா?' என்பதுதான். அந்த வயதுக்கு எழுத்து தேவையில்லை. கதை கேட்டு, 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கத் தெரிய வேண்டும். பாட்டில் ஓசையைப் பிடிக்கத் தெரிய வேண்டும். புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் பிரித்து வைத்து, எது அதிகம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். களிமண் பிசைந்த விரலுக்குப் பென்சில் பிடிப்பது பிறகு தானாக வரும். நம் மாநில அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. காகிதத்தில் அது நன்றாகவே இருக்கிறது.

சரி, பாடத்திட்டம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. பிறகு ஏன் உங்கள் ஊரில் சோறும் தூக்கமும் மட்டும் நடக்கிறது?

இதற்கு நம் வரலாறு ஒரு காரணம். மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கு ஆலோசனை, முன்பருவக் கல்வி என்று ஆறு வேலைகள். தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமங்களில் 2 வயதிலிருந்தே சாப்பாடு என்று வைத்தார். ஊர் ஊராகக் குழந்தைகள் மையம் வேர்விட்டது அந்தச் சோற்றைச் சுற்றித்தான். இன்றைக்கு மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். சோறு போடும் இடம் என்று சொல்வதை நான் இழிவாக நினைக்கவே மாட்டேன். பசித்த பிள்ளைக்குக் கதை காதில் ஏறாது. வாரத்துக்கு மூன்று முட்டை; பல வீடுகளில் பிள்ளை பார்க்கிற முட்டை மொத்தமும் அவ்வளவுதான். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டத்தையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். ஆனால் ஆறு வேலைகளில் ஐந்தைப் பற்றி மேற்பார்வையாளர் வந்து கேட்பார். ஆறாவதான கல்வி நடக்கவில்லை என்றால் கேட்க ஆளில்லை. எடை போட்டாயா, முட்டைக் கணக்கு எங்கே, செயலியில் ஏற்றினாயா என்பதுதான் கேள்வி. பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அந்த அம்மாவின் தலையில். இத்தனைக்கும் வாங்குவது சிறப்புக் காலமுறை ஊதியம், முழு அரசு ஊழியர் சம்பளம் அல்ல.

இந்த இடத்தில் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. நம்மவர்கள் அதை இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும். கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அரைநேர ஊழியரைப் போட்டுப் பார்த்தார்கள். அவருக்கு ஒரே வேலை, முன்பருவக் கல்வி. கட்டடம் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. கற்பிக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் அந்த மையங்களின் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் மற்ற மையப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னே போனார்கள். இன்னொன்றும் நடந்தது: பழைய டீச்சருக்குக் கை ஒழிந்ததால் அவர் ஊட்டச்சத்து வேலையைச் சரியாகப் பார்த்தார்; வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் கடுமையான ஊட்டக் குறைவுள்ள பிள்ளைகளும் குறைந்தார்கள். டீச்சருக்கு அக்கறையில்லை என்று ஊரில் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இருக்கிற இரண்டு கையில் ஆறு வேலையைக் கொடுத்தால் கேள்வி கேட்கப்படாத வேலைதான் முதலில் விழும்.

'சின்ன வயதில் கற்றதெல்லாம் மூன்றாவது போவதற்குள் மறைந்துவிடுகிறதாமே?' என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பார்கள். ஓரளவு உண்மை. இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பெர்ரி பாலர் பள்ளி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 1967 வரை நடந்தது. 123 ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். ஒரு பாதியினருக்குப் பாலர் பள்ளி, மறு பாதியினருக்கு இல்லை. நுண்ணறிவுச் சோதனையில் கிடைத்த முன்னேற்றம் சில வருடங்களில் கரைந்துபோனது. தோல்வி என்று மூடியிருப்பார்கள். ஆனால் அவர்களை 40 வயது வரை பின்தொடர்ந்தபோது, பாலர் பள்ளிக்குப் போனவர்களில் 77 சதவீதம் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், போகாதவர்களில் 60 சதவீதம். மதிப்பெண் கரைந்த பின்பும் ஏதோ ஒன்று மிச்சமிருந்திருக்கிறது. பள்ளியை நம்முடைய இடமாக நினைக்கும் பழக்கம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அது சின்ன ஆய்வு, கிராமமும் அல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே செலவழித்தது நாம் கனவிலும் காணாத தொகை. அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே பெயர்த்துவைக்க வேண்டாம்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள். நீலகிரிச் சரிவில் இருளர் பிள்ளைகள். ஊர் ஓரத்தில் வாக்ரிபோலி பேசுகிற நரிக்குறவர் பிள்ளைகள். இவர்களுக்கு ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் எழுத்தைக் கற்றுத்தருமுன் ஒரு மொழியையே கற்றுத்தர வேண்டியிருக்கிறது. புத்தகத்துக்கு அது தெரியாது. அந்தச் சமூகத்துப் பெண்ணே அங்கன்வாடியில் டீச்சராகவோ உதவியாளராகவோ இருந்தால், இரண்டு வருடத்தில் வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்கு ஒரு பாலம் போட்டுவிடுவார். வேறெந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது என்பது நான் பார்த்தவரை.

வேலைக்காக ஊர் மாறுகிற குடும்பங்கள் இதைவிடக் கடினம். முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகும் குடும்பம் தை மாதம் கிளம்பினால் மழைக்குத்தான் திரும்பும். பிள்ளை சொந்த ஊர் அங்கன்வாடியில் பாதி வருடம், சூளையில் பாதி வருடம். சூளையில் அதற்குக் கிடைப்பது மண் குவியல். பெரிய பிள்ளை கல் திருப்பிப் போட ஆரம்பித்திருக்கும். சூளைக்குள்ளேயே மையம் நடத்திய இடங்களில் பிள்ளைகளுக்குத் தொடர்ச்சி கிடைத்தது. இல்லாத இடங்களில் ஊர் திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து.

இன்றைய கிராமத்தில் இன்னொரு மாற்றம், காலையில் வரும் மஞ்சள் வேன். கடன் வாங்கியாவது எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார்கள். அதை நான் மோகம் என்று சொல்லமாட்டேன். அங்கே 'படிப்பு' என்று ஒன்று நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடமும் நுழைவு வகுப்பில்தான், அதாவது பெரும்பாலும் எல்.கே.ஜி.யில். அந்த வயதைத் தவறவிட்டால் அந்தக் கதவு அடைபடும். அதே சட்டம் 6 முதல் 14 வயதைத்தான் உரிமை என்கிறது. 3 முதல் 6 வரை அரசு ஏற்பாடு செய்யலாம் என்று பதினோராம் பிரிவில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. அந்த 'லாம்' எவ்வளவு மெல்லியது என்பதை நாம் பார்த்தோம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்புவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் முடிவை மாற்றி, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற அதே மாநிலம் இது. அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்ணின் மூன்று வயதுக்கும் அதே அக்கறை வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாவற்றையும் பால்வாடி சரிசெய்யும் என்று சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்து, மாலைப் பேருந்து வராமல் போனால், வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் நிறுத்துவார்கள். பதினைந்து வயதுப் பையனுக்குப் பனியன் கம்பெனியில் சம்பளம் காத்திருந்தால், அப்பாவுக்குக் கடன் இருந்தால், அவன் போவான். ஆனால் இந்த நெருக்கடிகள் ஒரே மாதிரி வருகிற இரண்டு வீடுகளில், நன்றாக வாசிக்கிற பிள்ளையை நிறுத்தப் பெற்றோருக்கு மனசு வராது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆதரவாக வீட்டில் பேச யாருமில்லை, அந்தப் பிள்ளை உட்பட.

உங்கள் ஊர் மையத்தைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ள, காலை பதினொரு மணிக்குப் போய் வாசலில் நில்லுங்கள். சமையல் உதவியாளர் தனியாக இருக்கிறாரா, டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாரா, அல்லது போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாவது என்றால் அவரைத் திட்டாமல், கிராம சபையில் ஓர் அரைநேர ஆளுக்குக் கேளுங்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அப்புறம் ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய், அங்கன்வாடிக்குள் எப்போதாவது வந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கும். ஆனால் ஒன்று சமூக நலத் துறை, மற்றது கல்வித் துறை.

நான் போய்வந்த ஓர் ஊரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர், யாரும் சொல்லாமலே, பிப்ரவரியிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் பால்வாடிக்கு வந்து கதை சொல்ல ஆரம்பித்தார். ஏப்ரலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியின் தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டினார். ஜூனில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் அழுதாள், பால்வாடி ஆயா கூட வரவில்லை என்று. ஆயா மூன்று நாள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அந்தப் பெண்ணே, 'நீ போ, அங்க பாப்பாங்க அழுவும்' என்று அவரை அனுப்பி வைத்தாளாம்.